அனுப்பியவர் பெயரில்லாத செய்தி

"பிராவ் குணசீலன்" என்று கூப்பிட்டதும் நான் எழும்பவில்லை. வாசலைத்தான் பார்த்தேன், இவர் எப்படி இங்கே வந்தார் என்று. குணசீலன் என் கணவர். அவருக்குத் தெரியாமல் இரண்டு டிராம் மாறி வந்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவருடைய பெயரைச் சொன்னால் நெஞ்சு என்ன பாடுபடும்? பிராவ் என்றால் திருமதி. இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று விளங்கியது. இந்தச் சுவிஸ் நாட்டில் புருஷனின் பெயர் பெண்சாதிக்குக் குடும்பப் பெயராகிவிடுகிறது. வங்கியில், வேலையிடத்தில், வீட்டு மணிக்குப் பக்கத்தில், எல்லா இடத்திலும் நான் குணசீலன். அதற்கெல்லாம் பழகிவிட்டேன். ஆனால் பால்வினை நோய்க்கு மருந்து கொடுக்கிற கிளினிக்கில், பத்துப் பேருக்கு நடுவில், அவருடைய பெயருக்கு நான் எழும்பிப் போனது என்னை என்னவோ செய்துவிட்டது.

அந்தப் பத்துப் பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். ஒரு பொடியனும் பெட்டையும் ஒருவர் மடியில் ஒருவர் கால் போட்டுக்கொண்டு கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்தார்கள். மேசையில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஆணுறைகள், கடையில் டொபி வைத்திருக்கிற மாதிரி. போகிறவர்கள் கை நிறைய அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். இந்த நகரத்தில் இளம் ஆட்களுக்கு இது தடிமன், காய்ச்சல் மாதிரித்தான், வரும், மருந்து போட்டால் போகும் என்றார் டாக்டர். அவரும் என் வயதுதான் இருப்பார். எனக்கு வந்திருப்பது கிளமிடியா. இரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லை என்று பெண்கள் டாக்டரிடம் போனபோது, வேறு எதையோ தேடப் போய் இது அகப்பட்டது. வெளியில் ஒன்றும் காட்டாதாம். உள்ளுக்குள் கர்ப்பக் குழாயைக் கெடுத்துக்கொண்டே இருக்குமாம்.

எத்தனை துணைகள் என்று டாக்டர் கேட்டார். ஒன்று, கணவர் என்றேன். அதற்கு முன்பு? அதற்கு முன்பு மட்டக்களப்பில் இருந்தேன் என்றேன். அவர் பொறுமையாகச் சிரித்துக்கொண்டு, எந்த ஊரில் என்று கேட்கவில்லை, எத்தனை பேர் என்றுதான் கேட்கிறேன் என்றார். நான் முழுப் பதிலையும் சொல்லி முடித்துவிட்டேன் என்பது அவருக்கு விளங்கவேயில்லை. இதை வாசிக்கிற உங்களுக்கு விளங்கியிருக்கும்.

ஆனால் எங்கள் ஊரில் இந்த நோயே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சுபா என்று ஒருத்தி என்னோடு படித்தவள். கொழும்பில் கணினி வேலை, அங்கே ஒருவனோடு பழக்கம், பிறகு அவன் இல்லை, நோய் மட்டும் இருந்தது. வேலையையும் விட்டு ஊருக்கு வந்தவள் மருந்தெடுக்க ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவின் வாசலில் நின்றதை, பல் பிடுங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கண்டுவிட்டாள். அதோடு சரி. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பிறகு சுபா வயிற்றில் அல்சர் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பொலன்னறுவைக்குப் பஸ் ஏறினாள். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். அங்கே சிங்களத்தில் அவளுடைய நோயின் பெயரைச் சத்தமாகச் சொன்னபோதுகூட அவள் பயப்படவில்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்ற சந்தோஷம் அவளுக்கு. நோயைக் கொண்டுபோக ஒரு பிற ஊர் இருந்தது அவளுக்கு. நான் பிற ஊரிலேயே இருக்கிறேன், ஆனால் எனக்கு ஒளிக்க இடமில்லை.

ஏன் புருஷனிடம் நேரே கேட்கக்கூடாது என்று நினைப்பீர்கள். மட்டக்களப்பில், எங்கள் கல்லடி வீட்டில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீடு என்று ஒன்றுக்குப் போவதில்லை. வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். கலியாணம் முடிந்து ஒருமுறை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வருவோம், கால்மாறிப் போதல் என்போம், இரண்டொரு நாளில் திரும்பிவிடுவோம். வாவிப் பக்கம் பார்த்த எங்கள் வீட்டை எனக்கு எழுதிய அன்று அம்மா சொன்னது இது: "இது உன்ட வீடு புள்ள. வாறவன் வருவான், போறவன் போவான். நீ இருப்பாய்." அப்படிப்பட்ட வீட்டில் நடுக் கூடத்தில் நின்று, எங்கே பிடித்தாய் இந்த நோயை என்று ஒரு பெண் கேட்டால், வெட்கப்பட்டு வெளியே போகவேண்டியது அவன்தான். நான் இவருடைய ஊரான சித்தாண்டிக்குக் கால்மாறிப் போய், அப்படியே சூரிச்சுக்கும் கால்மாறி வந்தவள். இன்னும் திரும்பவில்லை. இங்கே வீடு அவருடைய பெயரில், விசா அவருடைய பெயரில், கடைசியில் நானே அவருடைய பெயரில். கேட்டால், உனக்குத்தானே கண்டுபிடித்தார்கள், உன்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் எங்கே போய் நிற்பேன்? கொண்டவன் துணையிருந்தால் கூரையேறிச் சண்டை பிடிக்கலாமாம். கொண்டவனோடேயே சண்டை என்றால் எந்தக் கூரையில் ஏறுவது?

ஒன்றும் சரிவராவிட்டால் கல்லடி வீடு இருக்கிறது என்ற நினைப்புத்தான் என்னைத் தாங்கியது. தங்கச்சியின் கலியாணம் ஒப்பேறட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு டிக்கெட் எடுப்பேன் என்று வைராக்கியமாக இருந்தேன்.

கணவருக்கும் மருந்து கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குத் திரும்ப வரும் என்றார் டாக்டர். முடியாது என்றேன். ஏன் என்றார். முடியாது என்றேன். எனக்கு ஜெர்மன் விளங்கவில்லை என்று அவர் முடிவெடுத்துவிட்டார். இங்கே எங்களுடைய கஷ்டம் எல்லாவற்றையும் மொழிக் கஷ்டம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த முறை போனபோது அறைக்குள் ஒரு தமிழ் அம்மா உட்கார்ந்திருந்தார், மொழிபெயர்க்க. எனக்கு உயிர் போய்விட்டது. முருகன் கோயிலில் அன்னதானத்துக்குச் சோறு போடுகிறவர். இரகசியம் காப்பார், கையெழுத்துப் போட்டிருக்கிறார், பயப்படவேண்டாம் என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி என்ன என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"நீங்கள் ஊரில எவடம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

திருகோணமலை என்று பொய் சொன்னேன். நீங்கள் கதைக்கிற தமிழ் மட்டக்களப்பு மாதிரியெல்லோ கிடக்கு என்றார். அதற்குமேல் தலையை மட்டும் ஆட்டினேன். டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழாக்கினார். உடலுறவு என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, ஒரு கிழமைக்குச் சேர்ந்திருக்க வேண்டாமாம் என்றார். டாக்டர் கணினிப் பக்கம் திரும்பியபோது என் கையைப் பிடித்தார்.

"பயப்பிடாதையுங்கோ பிள்ளை. கோயிலில என்னைக் கண்டால் தெரியாத மாதிரி நில்லுங்கோ. நானும் அப்பிடியே நிப்பன்."

அது அன்பான வார்த்தைதான், எனக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து கோயிலும் போச்சு.

கடைசியாக டாக்டர் ஒரு வழி சொன்னார். கணவரின் கைபேசிக்குக் கிளினிக்கிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போகும். உங்களோடு உறவில் இருந்த ஒருவருக்குக் கிளமிடியா இருக்கிறது, நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் இருக்கும். யார் சொன்னது என்று இருக்காது. அனுப்பியது நீங்கள் என்று அவருக்குத் தெரியவே வராது என்று டாக்டர் சிரித்தார். என்னோடு மட்டும் வாழ்ந்த மனிதனுக்கு அதில் என்ன இரகசியம்? கைபேசியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம்தானே வருவார்? வந்து கேட்டால் நான் செத்தேன். கேட்காமல் விட்டால், அதை அனுப்பியிருக்கக்கூடிய இன்னொருத்தி எங்கேயோ இருக்கிறாள், அல்லது இருந்தாள் என்று அர்த்தம். எது நடக்கவேண்டும் என்று கடவுளைக் கும்பிடுவது என்றே தெரியவில்லை. ஆனாலும் அவருக்கு மருந்து போகவேண்டும். எனக்குப் பிள்ளை வேண்டும். இலக்கத்தைக் கொடுத்தேன்.

செய்தி வந்த மாலையில் நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மேசையில் கைபேசி அதிர்ந்தது. அவர் எடுத்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, கேளுங்கள், கேட்டுவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் என்னை அடித்திருந்தால்கூட அந்த நேரம் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புட்டுக்கு என்ன கறி என்று கேட்டார்.

ஒரு கிழமைக்குள் மாத்திரைப் போத்தல் ஒன்றோடு வந்தார். சத்து மாத்திரையாம், வேலையிடத்தில் ஒருவர் சொன்னாராம், பிள்ளை தங்குவதற்கு இரண்டு பேரும் போட்டால் நல்லதாம். தன் கையாலேயே ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளிர் மஞ்சள், நடுவில் ஒரு கோடு. வேலையிடத்து அலுமாரியில் ஒளித்து வைத்து நான் போட்டு முடித்த அதே மாத்திரை.

"நிறையத் தண்ணியோட போடு புள்ள. பாலோட வேணாம். போட்டிட்டு உடன படுக்காத," என்றார்.

தாதி எனக்குச் சொன்ன அதே மூன்றும், அதே வரிசையில். எந்தச் சத்து மாத்திரைக்கு இவ்வளவு கவனம்? என்னைச் சுகப்படுத்த அவருக்கு ஆசை இருந்தது, எனக்குச் சொல்லத்தான் ஆசை இல்லை. அந்த நோய் எங்கள் கலியாணத்துக்கு முன்பு, இவர் தனியாளாக மூன்று நான்கு பொடியன்மாரோடு ஒரே அறையில் கிடந்த காலத்தில் வந்ததா, போன மாதம் வந்ததா? பழையதாகவும் இருக்கலாம் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். கேட்டால் செய்தியை அனுப்பியது நான் என்று தெரிந்துவிடும். அவர் தண்ணீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வாங்கி விழுங்கினேன். அவரும் தன்னுடையதை விழுங்கினார். அதன் பிறகு தினமும் சாப்பாட்டுக்குப் பின் இப்படியே, பூசை மாதிரி, எதிரெதிரே நின்று.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோவில் வந்தார். அன்று அவர் முகத்தில் ஒரே சந்தோஷம். தங்கச்சிக்கு ஒரு இடம் பொருந்தியிருக்கிறது, மாங்கேணிப் பொடியன், கொழும்பில் வேலை, நல்ல குணம். வீடு ஒன்று கேட்கிறார்கள். அப்பா இருந்தால் இன்னொரு வீடு கட்டியிருப்பார், இப்போது அதற்கு வழியில்லை. சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீ எங்க புள்ள இனி இஞ்ச வந்து இருக்கப்போறாய்? உன்ட வீட்டத் தங்கச்சிக்கு எழுதட்டா?"

என் பக்கத்தில் இருந்த இவர், அது அவளுடைய வீடு மாமி, அவள் சொல்லட்டும் என்றார். நியாயமான மனிதர், பார்த்தீர்களா? அம்மா அவரைப் பார்த்துப் பூரித்துப்போனார். தங்கச்சி கைபேசியை வாங்கி எனக்கு வீட்டைக் காட்டினாள், புதிதாக நீலம் அடித்த கதவு, கூடம், பின்வாசலுக்கு அப்பால் வாவி. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் தங்கச்சியின் கலியாணமும் அதோடு போகும்.

"எழுதுங்க அம்மா," என்றேன். "ஆனா மாப்பிள்ள இந்த வீட்டுக்கு வந்து இருக்கட்டும். அவள் எங்கயும் போகக்கூடாது."

இதென்ன கதை, பொடியன் லண்டனுக்குப் போக அலுவல் பார்க்கிறான், சரிவந்தால் அவளையும் கூப்பிடுவான்தானே என்றார் அம்மா. பிறகு சிரித்தார்.

"நீ போகலியா? உனக்கு என்ன குற?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் என் தோளில் கை வைத்து, "நாங்க நல்லாத்தானே மாமி இருக்கம்," என்றார். திரை முழுக்க நீலக் கதவோடு என் வீடு இருந்தது. மூலையில் தபால்தலை அளவுச் சதுரத்துக்குள், தோளில் அவருடைய கையோடு ஒரு பெண் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.