நைனாவின் பக்கத்து இடம்

எங்கள் சித்தூர் சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. திருப்பதியில் வேலை முடித்து, பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து சேருகிறவனுக்கு இதெல்லாம் தேவையா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மிஷன் காலத்திலிருந்து இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கணவன் செத்தால் பக்கத்தில் மனைவிக்கு இடம் விட்டு, அதில் ஒரு கல்லை நட்டுவிடுவார்கள். நைனாவின் பக்கத்திலும் அம்மாவுக்காக ஒரு கல் இருந்தது. மேடான இடமெல்லாம் இப்படி உயிரோடு இருப்பவர்கள் கைக்குப் போக, மழைத்தண்ணீர் தேங்கும் மூலைதான் மிச்சம்.

மாம்பழக்கூழ் ஃபேக்டரி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்கள் சபையில் சேர்ந்தவர் ஒருவர். அவர் மனைவி மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்த மூலையில் குழி வெட்டினோம். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. அவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயா சார் வெக்கப் போறீங்க?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

"வந்தவங்களுக்கு எடம் குடுக்கறதே பெருசு" என்றார் கமிட்டிப் பெரியவர்.

எனக்கு வந்ததே கோபம். "ஞாயித்துக்கெழமயானா பட்சபாதம் கூடாதுன்னு வாசிக்கறீங்க. இங்க கல்லு நட்டு எடம் புடிச்சிக்கினு இருக்கீங்க. இனிமே யாரா இருந்தாலும் வரிசைதான்" என்றேன்.

"சரி. வரிசைன்னா மொதல் காலி எடம் உங்க நைனா பக்கத்துல இருக்கறது. குடுக்கறியா?"

நான் பின்வாங்குவேன் என்றுதான் கேட்டார். கல்லை நானே பிடுங்கினேன். அந்தப் பெண்ணை அங்கே அடக்கம் செய்தோம். அதன் பிறகு கமிட்டியால் மறுக்க முடியவில்லை; அந்த வாரமே மற்றக் கற்களையும் பிடுங்கிவிட்டார்கள். ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்துத் திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"குடுத்தது சரிதான்டா. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? நான் வேணான்னா சொல்லியிருப்பேன்?"

தலையணையைச் சரி செய்தேன்.

அம்மா போனபோது, கல் பிடுங்கிய இடங்களெல்லாம் நிரம்பிவிட்டதால், வரிசைப்படி கிடைத்தது எதிர்க்கோடியில், காம்பவுண்டுச் சுவர் ஓரத்து இடம். அதே பெரியவர்தான் வந்து என் தோளில் கை வைத்தார். "நைனா கால்மாட்டுல கொஞ்சம் எடம் இருக்குது. அங்க வெச்சிக்கோ. யாரு கேக்கப் போறா?"

ஆசையாகத்தான் இருந்தது. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் கஷ்டம். வேண்டாம் என்றேன். அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மண் போட்டுவிட்டுப் போனாள். நியாயமாக நடந்தால் மனசுக்கு நிம்மதி என்பார்கள். எனக்கு அசதிதான் வந்தது.

ஈஸ்டர் விடியலில் கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போனோம். அக்கா நைனாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் பூ வைத்தாள். பிறகு முட்டிவலியோடு தோட்டத்தைத் தாண்டி அம்மாவிடம் வந்து, மூச்சு வாங்க நின்றாள். பூக்கூடையோடு நான் பின்னால் நின்றேன்.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. நானாவது நைனாகிட்டருந்து இங்க நடந்து வந்துட்டேன்" என்றாள். "அம்மா எப்பிடிடா அங்க போவும்?"