என் ரத்தம் ஏறிய விமானம்

ஏழு வயதுக்குள் எனக்கு நான்கு முறை காதில் சீழ் வைத்தது. நெஞ்சுச் சளியோ, வந்தால் போக வழி தெரியாத விருந்தாளி. ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் ஆன்டிபாடி குறைவோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அதை அளந்து பார்க்கும் வசதி இங்கே இல்லை, ரத்தம் நியூசிலாந்து போக வேண்டும், அதுவும் ஐஸ் கரைவதற்குள் என்றார்.

அது எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம். எங்கள் ஊர் லோவுவிலிருந்து நாடி நகர விமான நிலையம் போவதற்குள் மூன்று இடத்தில் துப்பாக்கியோடு மறித்தார்கள்.

"ரோட்டுல இம்மாம் சிப்பாய் நிக்கிறான், இந்தப் புள்ள ஒடம்புல மட்டும் ஆளக் காணோம்" என்றார் மாமா.

ரத்தத்தை டீச்சர் சித்தி கொண்டுபோவதாக ஏற்பாடு. "செவுரு இருந்தாத்தான சித்திரம், குடுங்க" என்று ஒத்துக்கொண்டாள். காலையில் நர்ஸ் எடுத்த இரண்டு குழாய் ரத்தமும் மாமாவின் மீன் பெட்டியில் ஐஸுக்குள் உட்கார்ந்தன. அம்மா சும்மா இருப்பாளா? கண்ணு படக்கூடாதென்று ஐஸ் மேல் வேப்பிலை பரப்பி, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றையும் வைத்தாள்.

முதல் மறிப்பில் ஓர் இளம் சிப்பாய் பெட்டியைத் திறந்தான். வேப்பிலை, குங்கும எலுமிச்சை, அடியில் ரத்தம். கையை இழுத்துக்கொண்டான். யாருடைய ரத்தம் என்று மெதுவாக, எங்கள் தீவில் புழங்கும் இந்தியில் கேட்டான். மாமா உண்மையைச் சொல்லி என்னைக் காட்டினார். நான் மரியாதைக்குச் சிரித்தேன். அவ்வளவுதான், பில்லிசூனியக் கூட்டம் என்று முடிவுகட்டி, இரண்டே விரலால் மூடியைச் சாத்தினான். கார் கூரையில் கட்டியிருந்த ஐந்து பெட்டிகளைக்கூடப் பார்க்காமல் போகச் சொல்லிவிட்டான். அடுத்த இரண்டு இடத்திலும், கேட்பதற்கு முன்பே மாமா மீன் பெட்டியைத் திறந்து காட்டினார்.

ஐஸ் பாதிகூடக் கரையவில்லை. ஆனாலும் விமான நிலையத்தில் சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழுவாத சித்தி, ரத்தத்த குடுத்துட்டு ஓடியாந்துடு" என்றேன். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

எனக்காக ஒரு விமானமே பறந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். ஒரு மாதம் கழித்துச் சித்தியின் கடிதம் வந்தது: அளவு குறைவுதான், மாதம் ஒரு ஊசி போட்டால் பிள்ளை நன்றாக இருப்பாள். அம்மா பாயசம் வைத்தாள்.

வேலைதான் முடிந்துவிட்டதே என்று, அதன் பிறகு தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சித்தியை வரவேற்க வாசலுக்கு ஓடினேன். இரண்டு குழாய் ரத்தம் கொண்டுபோக ஐந்து பெட்டி எதற்கு என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.