என்ன முறை

ஐந்து அடையாள அட்டைகளும் ஒரே பழுப்பு உறையில் வந்தன. பச்சை நாடா, நாடாவின் முனையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே எங்கள் படம், பெயர், பதவி. கூரியர்காரர் வடக்குத்து ஊருக்குள் எங்கள் அலுவலகம் எதுவென்று தெரியாமல் சுற்றிவிட்டு, கடைசியில் பால்வாடி டீச்சர் வீடு எது என்று விசாரித்து வந்து சேர்ந்திருந்தார். நான் உடனே என் அட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்த்தேன். டீச்சர் தன்னுடையதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இயக்குநர்' என்று அதில் போட்டிருந்தது. "போட்டோல நான் யாரையோ மெரட்டறாப்ல இருக்கறேன்" என்றபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். அன்று மாலை ஊர்க் கூட்டம் இருந்தது. போகும் வழியிலேயே அட்டையை முந்தானைக்குள் செருகி மறைத்துவிட்டார். நான் மறைக்கவில்லை. எனக்கு அது முதல் வேலை.

டீச்சர் எங்கள் அமைப்பைத் தொடங்கியவர். அவருடைய அம்மாவும் அப்பாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். அவர் படித்துப் பால்வாடி டீச்சரானார். பால்வாடிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. கிணறுகளில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் பழுப்பேறியது. எதனால் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரணத்தை அளந்து பார்த்தால்தான் அதிகாரிகளிடம் கேட்க முடியும் என்று சொன்னவர் டீச்சர். நான் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து பெர்மனென்ட் ஆனவர். எங்கள் பிளாக்குக்கும் வடக்குத்துக்கும் சைக்கிள் தூரம்தான். ஆனாலும் கல்லூரி முடித்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு நாள் டீச்சரின் கூட்டத்தில் போய் உட்காரும்வரை அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கூட்டத்தில் முதலில் என் காதில் விழுந்த சொல் 'முறை'. எல்லாமே முறைதான். கிணற்றில் முடிச்சுக் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பது, திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துப் போவது எல்லாம் வீட்டுக்கு வீடு முறை வைத்து நடந்தது. யார் முறையோ அவரே போக வேண்டும், அவரே பேச வேண்டும். வாயுள்ளவரைப் பிடித்து மாற்றி அனுப்ப டீச்சர் ஒப்பமாட்டார். ஒரு அம்மா அதிகாரி முன்னால் நின்று தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தன் எருமைக்கு வந்த நோயைப் பற்றியே பேசிவிட்டு வந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நல்லாப் பேசுகிறவர்களை அனுப்பலாமே என்று பஸ்ஸில் வரும்போது டீச்சரிடம் கேட்டேன். "நல்லாப் பேசறவங்களே பேசிகினு இருந்தா, மத்தவங்க எப்பதான்மா பேசறது?" என்றார். அந்த அம்மாவின் அடுத்த முறை வந்தபோது அவர் எருமையில் தொடங்கித் தண்ணீரில் வந்து முடித்தார். முன்னேற்றம்தான் என்று நான் கிண்டலாகச் சொன்னேன். டீச்சர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் சென்னையிலிருந்து ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். நல்லவர்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் வழக்கறிஞர் வைக்கவும் உதவுவதாகச் சொன்னார்கள். அதற்கு அமைப்பைப் பதிவு செய்ய வேண்டும், சம்பளத்துக்கு ஐந்து பேர் வேண்டும், யார் எதற்குப் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். எதுவும் தப்பில்லை. டீச்சர் கூட்டத்தில் கேட்டார், எல்லாரும் கை தூக்கினார்கள். பால்வாடி வேலையிலிருந்து விலகி அவர் இயக்குநர் ஆனார். நான் ஆவணப் பொறுப்பாளர்.

அட்டையோடு நான் போன அந்தக் கூட்டத்தில் கடைசித் தெரு அக்கா என் நாடாவைப் பிடித்துப் பார்த்தார். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போகிறவர், எந்தப் போராட்டத்திலும் முதல் வரிசையில் உட்காருகிறவர். "அப்ப நீங்க அஞ்சு பேரும் பெர்மனெண்டு ஆயிட்டீங்க. நாங்கள்லாம் காண்ட்ராக்ட்டு" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த ஊரில் மனிதர்களைப் பிரிக்க வேறு சொல் கிடையாது. பெண் பார்க்க வந்தாலும் முதல் கேள்வி அதுதான். என் அப்பாவே அன்றைக்கு அட்டையைப் பார்த்துவிட்டு, "பெர்மனென்ட் பண்ணிட்டாவளா?" என்றுதான் கேட்டார்.

சிரிப்பு சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. அடுத்த மாதம் ஒருவர் வந்து, தன் கிணற்றில்தான் முதல் முதலில் கயிறு விட்டது, ஆகவே சீனியாரிட்டி தனக்குத்தான் என்றார். இன்னொருவர், மறியலில் போலீஸ் வண்டியில் ஏறியவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்று கேட்டார். யாரும் விளையாடவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே உலகத்தின் சட்டத்தை எங்கள் மேல் பொருத்திப் பார்த்தார்கள், அது சரியாகப் பொருந்தியது. கடலூருக்குப் போகக் கூப்பிட்டால், "அதான் அஞ்சு பேரு இருக்கறீங்களே" என்றார்கள். பிறகு நாங்களே போனோம். நான் நன்றாகப் பேசினேன். மனுக்கள் பிழையில்லாமல் இருந்தன. அலுவலகத்தில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். டீச்சர் மட்டும் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனார். ஐந்து வேலையையும் ஊரார் முறை வைத்து மாற்றிப் பார்க்கட்டும் என்று சென்னைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். பொறுப்பு ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்று அவர்கள் பொறுமையாக மறுத்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் முடிச்சுக் கயிறு விடுவதில் கெட்டிக்காரரான ஒரு பெரியவர் காய்ச்சலில் இறந்தார். காரியம் முடிந்து சில நாளில் அவர் மகன் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார். கையில் பாலிதீன் பையில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல். எல்லாவற்றையும் மேஜையில் வைத்து, "அப்பா வேலய எனக்குப் போட்டுக் குடுக்கணுங்க" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பெர்மனென்ட் ஆள் பணியில் இருக்கும்போதே இறந்தால் பிள்ளைக்கு வாரிசு வேலை கேட்பது இங்கே வழக்கம். அதை நம்பி எங்கள் அமைப்பில் வந்து ஒருவர் நிற்கிறார். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஒக்காரு தம்பி. உங்கப்பா இங்க வேல பாக்கலயே."

"அவரு சாவறதுக்கு முந்தின வாரங்கூட ஜொரத்தோட கயித்த எடுத்துகினு போனாருங்க. அம்மா வாணாம்னுச்சு, கேக்கல. அது வேல இல்லன்னா பின்ன என்னாங்க?"

டீச்சர் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து அடுக்கி வைத்தார். பிறகு, "அது அவரு முறை தம்பி" என்றார். "சம்பளம் கெடயாது. பழைய முறைப்படி பாத்தா வர்ற திங்கக்கெழம கடலூருக்குப் போற முறையும் அவருதுதான். வேணும்னா நீ எடுத்துக்க. என்னால அதுதான் குடுக்க முடியும்."

மகன் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபமாகத்தான் போனார். திங்கட்கிழமை நானும் டீச்சரும் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களை அழைத்தபோது நான் எழுந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மனு என் மடியில் இருந்தது. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களை அழைத்துவிட்டார்கள். ஒரு வாய்ப்பை வேண்டுமென்றே வீணாக்குகிறார் என்று நினைத்தேன். கூட்டம் கலையும் நேரத்தில் அந்த மகன் வேகமாக உள்ளே வந்தார். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், பஸ் சேத்தியாத்தோப்பு சுற்றி வந்துவிட்டதாம். என்னிடமிருந்து மனுவை வாங்கிப் போய் அதிகாரி முன்னால் நின்றார். தண்ணீர் என்ற ஒரு சொல்லைத்தான் தெளிவாகச் சொன்னார். மற்றதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். டீச்சர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

சென்னை நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது டீச்சர் வேண்டாம் என்றார். ஊர்க் கூட்டத்தில் கடும் சண்டை. "தேடி வந்த வேலய ஒதைக்கறீங்களே" என்று கத்தினார்கள், கடைசித் தெரு அக்காவும் சேர்ந்துதான். டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: "நமக்குன்னு போவறதுக்கு அஞ்சு பேரு இருக்கறாங்கன்னு நெனச்சிட்டம்னா, இது இன்னொரு கம்பெனிதாங்க. கம்பெனி இந்த ஊர்ல ஏற்கெனவே இருக்குது." கை தூக்கச் சொன்னபோது முடிவு மயிரிழையில் அவர் பக்கம் நின்றது. பாதிப் பேர் அதோடு வரவில்லை. பரிசோதனை நின்றது, வழக்கறிஞர் கிடைக்கவில்லை. எங்களில் ஒருவர் பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனிக்குப் போனார். எனக்கு வேலை போயிற்று. டீச்சருக்குப் பால்வாடியும் இல்லை, இயக்குநர் பதவியும் இல்லை. அவருக்கு அந்த முடிவு பெரிய காரியமாக இருந்திருக்கலாம். எனக்கோ மாதச் சம்பளம் போனதுதான் தெரிந்தது. அவர் சொன்னது இன்று எனக்குப் புரிகிறது. சரிதானா என்று கேட்டால், அந்த வழக்கறிஞர் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று இன்னும் யோசிக்கத்தான் செய்கிறேன். ஓர் அமைப்பைப் பெரிதாக்கியவர்களை ஊர் கொண்டாடும். சிறியதாக்கியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டு வருடம் நான் வடக்குத்துப் பக்கம் போகவில்லை. தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். திங்கட்கிழமைகளில் யாராவது ஒருவர் மனுவோடு கடலூர் பஸ்ஸுக்கு நிற்பதை டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட் பக்கம் பார்ப்பேன், வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். டீச்சருக்குச் சிறுநீரகம் கெட்டுக் கடலூர் அரசு மருத்துவமனையில் இருக்கிறார் என்று அப்பாதான் சொன்னார். டீச்சருக்குக் கல்யாணமாகவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை.

பகல் நேரத்தில்தான் போனேன். பெண்கள் வார்டில் வாசலை ஒட்டிய கட்டிலில் டீச்சர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். பக்கத்தில் கடைசித் தெரு அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு நர்ஸ் என்னைத் தடுத்து, ஒருத்தருக்கு மேல் உள்ளே விடமாட்டோம் என்றார். கொஞ்சம் மலைப்போடுதான் கேட்டார், "தெனம் ஒரு ஆள் மாத்தி ஆள் வந்துகிட்டே இருக்கீங்க. நீங்க அவங்களுக்கு என்ன முறை?"

அக்கா, தங்கை, மகள் என்று எதையாவது சொல்லிவிடலாம். எதைச் சொல்வதென்று நான் முடிவு செய்வதற்குள் கடைசித் தெரு அக்கா கஞ்சியிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"இந்தப் பொண்ணுக்கு நாளைக்கிதாங்க முறை. இன்னிக்கி என்னுது."