ஆடாமல் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டி அண்ணாச்சி

சங்கரபாண்டி அண்ணாச்சி இன்று காலை இறந்துவிட்டார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தாரே, அவர்தான். நான் கண்டக்டராகச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம்.

இன்னும் நம்ப முடியவில்லை... அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது.

அவருக்குப் பார்க்கின்சன். மாத்திரை போடாவிட்டால் உடம்பு கட்டை மாதிரி இறுகிவிடும். போட்டால் நடப்பார். ஆனால் கையும் கழுத்தும் இடுப்பும் தன் பாட்டுக்கு நெளியும். பல வருஷம் தின்ற மாத்திரை கொண்டுவந்த ஆட்டம் அது.

ஒரு சீசனில் குற்றாலம் மெயின் அருவிக்குப் போனோம். குடித்திருக்கிறார் என்று போலீஸ் உள்ளே விடவில்லை. "ஊதிக் காட்டுதேன் சார்..." என்று கெஞ்சினார். நனையாமலே திரும்பினோம்.

இலஞ்சியில் மாடன் கோயில் கொடைவிழாவில் வேறு கதை. மேளம் முழங்க, இவர் நெளிய... சாமி வந்துவிட்டது என்று மாலையே போட்டுவிட்டார்கள். ஒரு அம்மா மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று குறி கேட்டார்.

"எம்மா, இது சாமி இல்லம்மா, மாத்திரை" என்றார். யார் நம்பினார்கள்!

மூளைக்குள் கம்பி வைத்து நெஞ்சில் பேட்டரி பொருத்தினால் மாத்திரையைக் குறைக்கலாம், ஆட்டமும் அடங்கும் என்றார் மதுரை டாக்டர். "மண்டையத் துளைக்கணுமாம்லா" என்று அவர் மனைவி, எங்கள் மதினி, ஒரே அழுகை. அண்ணாச்சி மட்டும் குஷி. "ஏலே, மவ கல்யாணத்துல நேரா நிப்பேன் பாரு."

அதற்குள் நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. பண்பொழியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஆடக் கூடாது என்று, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பட்டு வேட்டியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தட்டு மாற்றும்போது கை எழவில்லை. அவர் தம்பிதான் மாற்றினார்.

சாயங்காலம் காய்ச்சல். உடம்பு கொதிக்க, பேச்சு நின்று... ஐசியூவிலிருந்து திரும்பவில்லை.

இன்று அண்ணாச்சி வீட்டுக்கு மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆடுத ஆளுன்னு தெரிஞ்சுதான, சம்மந்தி, பொண்ணு கேட்டு வந்தோம்... எங்ககிட்ட என்னத்துக்கு மறைச்சாரு?"



நாளை காலை இலஞ்சியில் எடுக்கிறார்கள். டிப்போ ஆட்கள் முடிந்தால் வாருங்கள்.

அண்ணாச்சி... போய் வாருங்கள்.