குதிகால் எழும்பிய நேரம்

துண்டு என் கையை விட்டுப் போய்விட்டது. அது தரையைத் தொடுவதற்குள் பாய்ந்து பிடித்துவிட முடியாதா என்று நான் நினைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சிவப்புக் கட்டம் போட்ட ஈரத் துண்டு. கயிற்றுக்கு மேலே போய், விரிந்து, மத்தியஸ்தரின் காலடியில் விழுந்தது. குத்துச்சண்டையில் ஒருவருடைய மூலையில் நிற்கிற ஆள் துண்டை எறிந்தால் சண்டை முடிந்தது, அவர் தோற்றார் என்று பொருள். மூலையில் நின்றவன் நான். தோற்றவர் என் அக்காவின் புருஷன். எறிந்தது சரியா பிழையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்தது அது; இன்னும் தெரிந்தபாடில்லை.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவரைச் சாம்பியன் என்றுதான் சொல்வார்கள். எனக்கு மச்சான். தோட்டத்துத் தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம்; அங்கே கொழுந்து அரைக்கிற மெஷினில் அவருக்கு வேலை. அதே ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற வேலை எனக்கு. வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஸ்டோருக்கு முன்னால் உள்ள மைதானத்தில் தோட்டத்துத் துரை குத்துச்சண்டை வைப்பார். எட்டு வருஷமாக மச்சானை ஒருவனும் சாய்க்கவில்லை. இளவட்டமாக இருந்தபோது அவரும் பாய்ந்து அடித்தவர்தான். வயது ஏற ஏற முறையை மாற்றிக்கொண்டார். எதிரே வருகிறவன் மூச்சுவிடாமல் குத்துகிற காளையாக இருந்தால் இவர் கயிற்றில் போய்ச் சாய்ந்துகொள்வார். முழங்கைகளை முகத்துக்கு முன் மடக்கி, தலையை மட்டும் அப்படியும் இப்படியும் அசைத்து, பட்டும் படாமலும் அடி வாங்கித் தள்ளாடுவார். “ஐயோ, சாம்பியன் கதை முடிஞ்சிச்சு!” என்று சனம் கத்தும். அடிக்கிறவனும் அதை நம்பி, இருக்கிற பலத்தையெல்லாம் கொட்டித் தீர்ப்பான். அவன் கை தொங்குகிற நேரம் பார்த்து இவர் வலது கையை ஒரே ஒரு தடவை நீட்டுவார். அவ்வளவுதான். “மழைக்கு எதுக்க நெஞ்ச நிமித்துறவன் மடையன் மாப்ள. கம்பளிய சாச்சுப் புடிச்சிக்கிட்டு நின்னா அது தானா ஓஞ்சிரும்” என்பார்.

அந்த வருஷம் அவருக்கு நாற்பது நெருங்கியிருந்தது. இடது கண்ணில் மின்னல் மின்னலாகத் தெரிகிறது என்றார். தோட்டத்து டாக்டரையா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு பலமான அடி விழுந்தால் அந்தக் கண் போய்விடும் என்று சொல்லிவிட்டார். ஒற்றைக் கண்ணோடு போகிறவரை அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் யார் விடுவார்கள்? வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். அக்கா அழுதாள், சண்டை போட்டாள். மச்சானும் நின்றுவிடத்தான் நினைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தலவாக்கலையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற முரடன் ஒருவன் அந்த வருஷம் பேர் கொடுத்திருந்தான். கொடுத்ததோடு நில்லாமல் ஸ்டோர் வாசலுக்கே வந்து, “என்னங்க சாம்பியன், கயித்துல சாயாம நிக்க வராதா? ஈரத்துணி மாதிரி எத்தனை வருசம் தொங்குவீங்க?” என்று கேட்டுவிட்டான். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். “தம்பி, மாவு திருப்பி அடிக்காது. அத ஞாபகத்துல வச்சிக்க” என்றார். அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டார்.

சண்டை நாள் காலையில் அக்கா துண்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். “தம்பி, இது ஒன் கையில. அவரு கண்ணும் ஒன் கையிலதான். கொஞ்சம் ஆடுனாலும் எறிஞ்சிரு. தோக்கத் தெரியாத ஆம்பளைக்கு வாக்கப்பட்டா பொம்பளதான் தோத்துக்கிட்டே இருக்கணும்.” பின்னேரம், கையில் துணி சுற்றிக்கொண்டே மச்சான் வேறு ஒன்று சொன்னார். “பதறாத மாப்ள. நான் விழுற மாதிரி இருந்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம்.”

“நெசமாவே விழப் போறீங்கன்னா எப்படிங்க மச்சான் தெரியும்?”

சுற்றிய துணியை இறுக்கி முடிந்தார். “என் வலது குதிகாலப் பாரு. அது தரையில ஊனியிருக்கிற வரைக்கும் நான் நானாத்தான் இருக்கேன்.”

முதல் இரண்டு சுற்றும் பேக்கரிக்காரன் மலையிலிருந்து கல் உருண்ட மாதிரி வந்தான். மச்சான் கயிற்றில் சாய்ந்தார். எட்டு வருஷமாகப் பார்த்த அதே சாய்வுதான். ஆனால் அன்று அது நடிப்பா நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை. தலையை அவர் அசைக்கிறாரா, அடி அசைக்கிறதா? மூன்றாம் சுற்றில் இடது கண் வீங்கி மூடத் தொடங்கியது. எனக்குப் பின்னால் ஒருவன் “எறிடா!” என்கிறான், இன்னொருவன் “எறிஞ்சா ஒன் கைய ஒடிப்பேன்!” என்கிறான். நான் எதையும் பார்க்காமல் குதிகாலை மட்டும் பார்த்தேன். ஊன்றியிருந்தது. ஊன்றியே இருந்தது. அப்புறம் எழும்பியது.

எறிந்துவிட்டேன். துண்டு விழுந்த பிறகுதான் தலை நிமிர்ந்து பார்த்தேன். பேக்கரிக்காரன் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றான். மச்சானின் வலது கை பாதி நீண்டிருந்தது. அடிக்கப் போனதா, பிடிமானம் தேடியதா? மத்தியஸ்தர் மற்றவன் கையைத் தூக்கினார். மச்சான் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து அதை எடுத்து உதறி என் தோளிலேயே போட்டுவிட்டு, “வா, ஒங்க அக்கா சுடுதண்ணி வச்சிருப்பா” என்றார்.

அடுத்த கிழமை அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாரி இறங்குகிற ஒவ்வொரு முறையும் வலது குதிகால் எழும்பியது. குதிகால் எழும்பாமல் எவன் ஓங்கி அடிப்பான்? விழுகிறவனுக்கும் அது எழும்பும், அடிக்கிறவனுக்கும் எழும்பும். அன்று விழப் போனீங்களா, அடிக்கப் போனீங்களா என்று கேட்டேவிட்டேன். அவர் கோடாரியைக் கீழே வைத்தார். “அவன் ரெண்டு ஆளாத் தெரிஞ்சான் மாப்ள. எந்த ஆள அடிக்கிறதுன்னு தெரியாமத்தான் நின்னேன். நல்ல நேரத்துல எறிஞ்ச.” அன்று நன்றாகத் தூங்கினேன். சில மாதம் கழித்துத் தலவாக்கலை பஸ் நிற்கிற இடத்தில் அந்தப் பேக்கரிக்காரன் ஓடிவந்து என் கையில் ஒரு பணிஸ் ரொட்டியைத் திணித்தான். “அண்ணே, ஒங்க துண்டுதாங்க என்னையக் காப்பாத்துச்சு. என் கை ரெண்டும் செத்துப் போச்சு. அவரு கை வர்றத கண்ணால பாக்கிறேன், தடுக்க முடியல.” பணிசைத் தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் வீடு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “தோத்தவரும் தோத்தேங்கிறாரு, ஜெயிச்சவனும் தோத்தேங்கிறானா? அப்ப ஜெயிச்சது நாந்தான், போ” என்றாள்.

மச்சான் அதற்குப் பிறகு கயிற்றுக்குள் இறங்கவில்லை. வருஷா வருஷம் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்ப்பார். எவனாவது கயிற்றில் சாய்ந்தால் இவருடைய வலது கை மெல்ல அசையும். அதைப் பார்க்கும்போதெல்லாம், என் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்லியிருப்பாரோ என்று நினைப்பேன். பேக்கரிக்காரன்தான் மூத்தவருக்கு மரியாதை செய்து பொய் சொன்னானோ என்றும் நினைப்பேன். இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவில் உண்மை எங்கே போனதென்று எனக்குப் புரியவில்லை.

இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. வலது கண்ணில் புரை விழுந்து மங்கிவிட்டது. பார்ப்பதெல்லாம் அந்த இடது கண்ணால்தான். போன மாதம் அவரைப் பார்க்க ஹட்டனிலிருந்து போனேன். லயத்துக்கு ஏறுகிற மேட்டில் பாதிதான் வந்திருப்பேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர் குரல் கொடுத்தார்.

“என்ன மாப்ள, சட்டைப் பொத்தான மாத்திப் போட்டுக்கிட்டு வர்ற? ஒன் சம்சாரம் பாக்கலயா?”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அங்கேயே நின்று கழற்றி மாற்றத் தொடங்கினேன். மறுபடியும் தப்பான பொத்தானிலேயே கை வைத்தேன். “மேலேருந்து மூணாவது” என்று அவர் அங்கிருந்தே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். “அது இல்ல, அதுக்குக் கீழ உள்ளது.”