சோப்பு வைத்த கார்பரேட்டர்

நைனாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலம், மாடு, கிணற்றடிப் புளியமரம் வரைக்கும் இரண்டாக்கிவிட்டார்கள். மரத்தில் கிழக்குக் கிளை அவருக்கு, மேற்குக் கிளை எங்களுக்கு. இரண்டாக்க முடியாமல் போனது மண்ணெண்ணெய் இன்ஜின் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு முறை ஓட்டிக்கொள்வது என்று பேச்சு. பேச்சு என்றால் ஊரார் பேசியது. இவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள்.

பேச வேண்டியதை நான் சுமந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு உத்தியோகம். மூன்றடி தள்ளி நின்றுகொண்டே, "உங்க நைனாகிட்ட சொல்லு" என்பார் பெரியப்பா. காதில் விழுந்ததை நைனா விழாததுபோல் நிற்பார். நான் திருப்பிச் சொன்னால்தான் அது செல்லும். வசவுகளை வடிகட்டித்தான் சொல்வேன். ஒரு சொல் பிசகினால் மண்வெட்டி எழுந்துவிடுமோ என்று பயம்.

அந்த வருஷம் ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கிவிட்டது. குட்டையாக நின்றதை இன்ஜின் வைத்து இறைத்துக்கொள்ள ஊரில் முறை வைத்தார்கள். எங்கள் முறை உச்சிப்பொழுதோடு முடியும். நெல் கதிர் வாங்குகிற பருவம். அன்று தண்ணீர் பாயாவிட்டால் பதர்தான் மிஞ்சும் என்று அம்மா முதல் நாளே சொல்லிச் சொல்லி என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தாள்.

இன்ஜின் கொஞ்சம் ஓடி, கரும்புகை கக்கி நின்றது. கார்பரேட்டர் அடியில் எண்ணெய் ஒழுகி, சூடான சைலன்சர் பக்கம் போயிற்று. நைனா எண்ணெய்க் குழாயை மூடினார். கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார், உள்ளே இருந்த ஊசியைத் துடைத்து மாட்டினார். குழாயைத் திறந்தால் மறுபடி ஒழுகல். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. அடுத்த முறைக்காரர் வந்து உட்கார்ந்து பீடியை எடுக்க, "கொளுத்திடப் போறய்யா, தள்ளிப் போ!" என்று அம்மா அவர்மேல் பாய்ந்தாள்.

பெரியப்பா பக்கத்து வரப்பில் நின்று புல் அறுத்துக்கொண்டிருந்தார். "போன முறை இத்த எவன் குட்டிச்சுவராக்கினான்னு கேளு" என்றார் நைனா. நான் ஓடிப்போய், "இன்ஜின் ஒழுகுதாம் பெரிப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "ஊசியவே எத்தினி வாட்டி தொடைப்பானாம்? ப்ளோட்ட கயட்டி காதாண்ட வச்சி ஆட்டிப் பாக்கச் சொல்லு."

நான் வந்து சொல்லும்வரை காத்திருந்துவிட்டு, நைனா அந்தப் பித்தளை மிதவையை ஆட்டினார். உள்ளே களக் களக் என்றது. மிதக்க வேண்டியதற்குள்ளேயே எண்ணெய் புகுந்து மூழ்கிக் கிடந்தால் ஊசி எப்படி எண்ணெய் வரும் வழியை அடைக்கும்? ஓட்டைதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வெந்நில போட்டா கொமிழி வரும்னு சொல்லு" என்றார் பெரியப்பா, வரப்பிலிருந்தே. "அந்த எடத்துல துணி சோப்ப அயுத்தித் தேய்க்கட்டும். இன்னிக்குத் தாங்கும். நாளைக்கே உத்திரமேரூர் போயி ஓட்டையில ஈயம் வச்சி அடைச்சிடணும்."

வெந்நீருக்கு எங்கே போவது என்று அம்மா கையைப் பிசைந்தாள். பெரியப்பா வீடு ஏரிக்கரை ஓரத்தில்தான். யாரும் கேட்காமலே பெரியம்மா ஆவி பறக்க ஒரு குண்டானையும், கூடவே ஒரு துண்டு சோப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

குமிழி வந்தது. எண்ணெயை வடித்து, சோப்பை அழுத்தி, மாட்டி, கயிற்றை இழுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. உச்சிப்பொழுதுக்குள் கடைக்கோடிக் கழனி வரை தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

ஈயம் மட்டும் வைக்கவே இல்லை. உத்திரமேரூர் பஸ் தினமும் எங்கள் ஊரில் நின்றுதான் போனது. அடுத்த முறை பெரியப்பா ஓட்டும்போது சோப்புக் கரைந்து ஒழுகியது. "உங்க நைனாவ வந்து பாக்கச் சொல்லு" என்றார். அதற்கடுத்து எங்களுக்கு ஒழுகியது. அறுவடை வரைக்கும் இதே கதை. ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஒழுகலுக்கு இன்னொருவர் வந்து நின்றார்; நடுவே ஓடியது நான்தான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "குடுங்க, நானே பஸ்சுல போயி ஈயம் வச்சிக்கினு வர்றேன்" என்று கையை நீட்டினேன்.

"உனக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்மேல் எரிந்து விழுந்தார்கள்.

இப்படிச் சோம்பேறிகளை உலகத்தில் பார்த்ததில்லை என்று அம்மாவிடம் போய்ப் பொருமினேன். அம்மா சிரித்துக்கொண்டே, அடுத்த முறைக்குச் சோப்பில் ஒரு துண்டு நறுக்கி எடுத்து வைத்தாள்.