சிலுவைக்குக் கீழே ஓர் இலையான்

குறிஞ்சிப்பிட்டியில் நாங்கள் நடத்திய கண் பரிசோதனை முகாமுக்கு அந்த மீனவர் கடைசி ஆளாக வந்தார். உப்பில் வெளுத்த தொப்பி, கறுத்து மெலிந்த உடம்பு. பேசும்போதுகூட என்னைத் தாண்டித் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கொடுத்த அட்டையில் அவரால் ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை.

“கண்ணாடி போட வேணும், நானா,” என்றேன், அங்கே அண்ணனை அழைக்கும் முறையில்.

“கடலுக்குள்ள எனக்கிட்ட ஆரு தம்பி பேப்பர் வாசிக்கச் சொல்ற? கண் நல்லம் எண்டு எழுதித் தாங்க.”

பார்வை போய்விட்டதென்று படகு முதலாளி அவரைக் கரையில் நிறுத்திவிட்டாராம்.

“அப்ப சுவரில இருக்கிற அட்டைய வாசிங்க.”

“சுவர் ஒரு தூரமா? ராவைக்கு இஷா தொழுதிட்டு வாறன், கடக்கரைக்கு வாங்க.”

போனேன். தெற்கே நுரைச்சோலைப் பக்கம் வானம் மின் நிலையத்தின் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்திருந்தது. அதற்கு மேலே நான்கு நட்சத்திரங்களாய்த் தெற்குச் சிலுவை நின்றது.

“அது எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் கீழ மங்கலா ஒரு சின்னக் கூட்டம். மகள்ட ஃபோன்ல இருக்கிற நட்சத்திரப் படத்தில இலையான் எண்டு பேர் போட்டிருக்கு. எண்ணுங்க பாப்பம்.”

வானத்தில் அந்த ஈயைத் தேடி என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் நிதானமாக ஆறுவரை எண்ணினார்.

“இப்ப சொல்லுங்க, ஆருக்குக் கண்ணாடி?”

மறுநாள் காலை, உள்ளே வராமலே வாசலில் நின்று சுவர் அட்டையின் கடைசி வரியை உரக்க வாசித்தார். எழுதிக் கொடுத்தேன்.

அதன்பின் நான் இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டேன். சிலுவை நன்றாகத் தெரியும் மே மாதம் வந்தால் தெற்கே தேடுகிறேன். இலையான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.